தனித் தொகுதியில் சாண்ட்ராவுக்கு இடமில்லை

சாண்ட்ரா வள்ளூர்ப் பக்கத்திலிருந்து திருவொற்றியூருக்குக் கம்பெனி வண்டியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். வண்டி ஏற வேண்டுமானால் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையைக் கடக்க வேண்டும். அப்படிக் கடக்கும்போதுதான் அவளோடு வேலை செய்த மகிழினி அடிபட்டுச் செத்தாள். அன்றிலிருந்து நடைமேம்பாலம் கேட்டு சாண்ட்ரா மனுக் கொடுத்தாள், பெண்களைக் கூட்டிக்கொண்டு சாலையில் உட்கார்ந்தாள், இரண்டு முறை கைதானாள். ஆறு வருடமாகியும் பாலம் வரவில்லை.

2024 நாடாளுமன்றத் தேர்தல் வந்ததும் அந்தப் பெண்களே சொன்னார்கள்: "இன்னொருத்தன் கால்ல இன்னாத்துக்கு வுழணும்? நீயே நில்லு."

வேட்பு மனு எழுத அவள் தெருவிலேயே இருக்கும் வக்கீல் ரஞ்சித்திடம் போனாள். அவன் அவளுடைய சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, நீ நிக்க முடியாது. திருவள்ளூர் தனித் தொகுதி. பட்டியல் சாதிக்காரங்கதான் நிக்கலாம். உனக்குக் கிறிஸ்தவள்னு பி.சி. போட்டு கீது."

"எங்கப்பன் பேரு மண்ணாங்கட்டி. அவரு யாருன்னு ஊருக்கே தெரியும்டா!"

அவள் ஒன்பது வயதில் அம்மா தாயம்மாவோடு ஞானஸ்நானம் வாங்கினாள். தம்பி எழிலன் அப்பாவோடு இந்துவாகவே இருந்துவிட்டான். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். போன வருடம் அவள் மெயின் ரோட்டில் வாடகைக்கு வீடு கேட்டபோது, வீட்டுக்காரர் அவள் தெருவின் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்திவிட்டார். ஞானஸ்நானச் சீட்டை அவர் கேட்கவில்லை.

"1950ல போட்ட உத்தரவு அக்கா," என்றான் ரஞ்சித். "இந்துவா இருந்தாதான் பட்டியல் சாதின்னாங்க. அப்புறம் சீக்கியரைச் சேத்தாங்க. தொண்ணூறுல பௌத்தரையும் சேத்தாங்க. உங்கள இன்னும் சேக்கல. வேணும்னா வடசென்னையில நில்லு, அது பொதுத் தொகுதி."

"லாரி இங்க ஏத்துது, நான் அங்க போய் ஓட்டு கேக்கணுமா?"

"இல்லன்னா கோயில்ல ஒரு பூஜை பண்ணி இந்துவா மாறிட்டேன்னு பேப்பர் வாங்கு. முயற்சி பண்ணலாம்."

சாண்ட்ரா சர்ச்சுக்குப் போவதே ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான். ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "சீட்டுக்காக சாமிய மாத்தினா, நாளைக்கு ரோட்டுல என் பேச்ச எவ நம்புவா?"

கடைசியில் எழிலன் சுயேச்சையாக நின்றான். ஒரு மறியலுக்கும் வராதவன் அவன். முன்மொழிய வேண்டிய பத்துப் பேரில் முதல் கையெழுத்து சாண்ட்ராவுடையது. அதற்கு அவள் மதத்தை யாரும் கேட்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதுமாம்.

பிரச்சாரத்தின் முதல் நாள் காலை, கம்பெனி வண்டிக்குக் காத்திருந்த பெண்களிடம் எழிலன் கைகூப்பினான்.

"பாலம் எந்த எடத்துல கேக்கப் போற?" என்று கேட்டாள் ஷாலு.

எழிலன் முழித்தான். "அது... அக்காவக் கேளு."

"மனு எத்தினி குடுத்துகிறோம்?"

"அதுவும் அக்காவுக்குத்தான் தெரியும்."

"அப்ப நீ இன்னாத்துக்குடா நிக்கிற?"

"எங்கிட்டதானே சர்ட்டிபிகேட்டு கீது!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சாண்ட்ரா சிரிக்கவில்லை. வண்டி வருவதற்குள் தம்பியின் படம் போட்ட நோட்டீஸ்களை எல்லோர் கையிலும் கொடுத்துவிட வேண்டியிருந்தது.