பத்து எண்ணும் மாப்பிள்ளை

"முதல்ல பானெட்டைத் திறங்க" என்பார் மாப்பிள்ளை. கையில் கிழிந்த பனியன் துணி ஒன்று தயாராக இருக்கும். எஞ்சினுக்குள் குனிந்து எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நுனியில் இருப்பதை விரலில் தேய்த்து முகர்வார். கறுத்திருந்தால் பானெட்டை மூடிவிடுவார். "மாத்திட்டு வாங்க." அவ்வளவுதான்.

வந்தவர் கேட்டது இதையல்ல. பராமரிப்பு நேரம் வந்துவிட்டதென்று காரின் முகப்பில் ஸ்பானர் படம் ஒன்று மஞ்சளாக எரிகிறது. அதை அணைக்க கம்பெனி ஷோரூமுக்குப் போனால் அரை நாள் போய்விடும். மூன்றாம் மாடி மாப்பிள்ளை ஒரு நிமிஷத்தில் அணைத்துவிடுவார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

"விளக்கை அணைக்கச் சொன்னா வைத்தியம் பாக்கிறீங்களே" என்று இரண்டாம் மாடி பேங்க்காரர் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"விளக்குக்கு ஒண்ணும் தெரியாது சார். அது கிலோமீட்டரை எண்ணும், எரியும். உள்ள என்ன இருக்குன்னு நாமதான் பாக்கணும். வண்டி இப்ப ஓடிட்டு வந்ததா? அப்ப அஞ்சு நிமிஷம் பொறுங்க, எண்ணெய் கீழ இறங்கட்டும்."

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணமானதும் மாமனார் வீட்டோடு வந்து தங்கியவர். மாமனார் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியும் மாப்பிள்ளை என்ற பட்டம் போகவில்லை. பால் போடுபவர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். மனைவிக்கு மட்டும் "ஏங்க". பால்கனியிலிருந்து அந்த 'ஏங்க' நீண்டு வந்தால் சாப்பாடு ஆறுகிறது என்று பொருள். குட்டையாக வந்தால் நல்ல சட்டையோடு காரைத் தொட்டுவிட்டார் என்று பொருள்.

தொழில், லிப்ட் பராமரிப்பு. ஒவ்வொரு கட்டடத்திலும் மோட்டார் அறையில் ஓர் அட்டை தொங்கும். பார்த்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தானே போய்வராமல் இவர் அதில் பேனா வைத்ததில்லை. யாராவது அவசரப்படுத்தினால், "கையெழுத்து என்னுது, விழப்போறது நீங்க" என்பார்.

அப்படிப்பட்டவரும் ஒரு காலத்தில் கார்களை மட்டும் திறந்து பார்க்காமலே விளக்கை அணைத்துக் கொடுத்தவர்தான். அந்தப் பழக்கம் நின்றது அவருடைய அக்காவின் காரோடு.

அக்கா பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவந்தவர். பின்சீட்டில் ஐஸ் பெட்டி, மடியில் முகவரிப் பட்டியல். நடக்க முடியாத கிழவர்கள் காலையில் அவருக்காக வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். "இந்த மஞ்சள் சனியன் கண்ணைக் குத்துதுடா. இப்போதைக்கு அணைச்சுக் குடு. ஞாயித்துக்கிழமை எண்ணெய் மாத்திடறேன்."

அந்த நாட்களில் மாப்பிள்ளை பானெட்டையெல்லாம் திறப்பதில்லை. வித்தை காட்டுகிற காலம். முகப்பில் கிலோமீட்டர் காட்டும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, பத்து எண்ணினார். விளக்குப் போயிற்று. அக்காவும் போனார். ஞாயிற்றுக்கிழமைகளும் ஒவ்வொன்றாகப் போயின. விளக்குதான் எரியவில்லையே என்று அக்கா நிம்மதியாக இருந்தார். அக்கா மாற்றியிருப்பார் என்று தம்பி நிம்மதியாக இருந்தார். எட்டாம் மாதம் மேம்பாலத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்று வந்தது. அது என்னவென்று பார்ப்பதற்குள் எஞ்சின் இறுகிவிட்டது. ஐஸ் பெட்டியில் பதினாறு பேருடைய ரத்தம் கெட்டுப்போனது. அக்கா ரத்தம் எடுக்கப் போய்வந்த பாதை வேறொருவருக்குப் போனது. காரை எடைக்குப் போட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போய், பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலில் சீட்டு எழுதும் வேலைதான் அவருக்கு மிஞ்சியது.

"ஒரு வார்த்தை திட்டியிருந்தா தேவலை" என்று மாப்பிள்ளை அதே கட்டடத்தில் குடியிருக்கும் என்னிடம் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார். "'உன் மேல தப்பு இல்லடா'ன்னா. வீட்டுக்கு வர்றா, சாப்பிடறா, சிரிக்கிறா. ஆனா மிக்ஸி ரிப்பேர்னாகூடக் கடைக்குத்தான் கொண்டு போறா. எங்கிட்டக் குடுக்கறதில்ல."

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. அக்கா இறங்கினார். பாதை திரும்பக் கிடைத்திருக்கிறது. நாளை முதல் வேலை.

"தெருமுனை மெக்கானிக் எண்ணெய் மாத்திட்டான். விளக்கை அணைக்க அவனுக்குத் தெரியலையாம். நீ பாத்துக்குடுடா" என்று சாவியை நீட்டினார்.

மாப்பிள்ளை அதை உடனே வாங்கவில்லை. கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

"நான் பாக்கணுமா?"

"பின்ன உங்க மாமனாரா வந்து பாப்பாரு?"

பானெட் திறந்தது. எண்ணெய் தேன் நிறத்தில், சரியான கோட்டில் நின்றது. உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தி, சாவியைத் திருப்பி எண்ணத் தொடங்கினார். வழக்கமாகத் தெரு கேட்க எண்ணுபவர். அன்று உதடு மட்டும் அசைந்தது. விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டி மறைந்தது. சாவியை அணைத்துவிட்டு மறுபடி திருப்பிப் பார்த்தார். இல்லை.

அக்கா ஏறிக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினார். கார் நாலடி பின்னால் போயிருக்கும். மாப்பிள்ளை கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே வந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் நிறுத்துக்கா."

"இப்பத்தானே பாத்தே?"

"இன்னொரு தடவை."

பால்கனியிலிருந்து நீளமான 'ஏங்க' வந்தது. அவர் நிமிரவில்லை. பனியன் துணியை விரல்களில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணாடி வழியாகத் தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார். தம்பி கேட்பதற்கு முன்பே குனிந்து பானெட்டின் பிடியை இழுத்துவிட்டு, எண்ணெய் கீழே இறங்கட்டும் என்று, சாவியை மடியில் போட்டுக்கொண்டு சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.