மலையேறாத சிவப்பு வண்டி

செவ்வாய்க்கிழமை காலை. ரயில் அரக்கோணத்தைத் தாண்டியிருந்தது. கஜபதி வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். கஜபதி அன்று லீவு என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் மோகனாக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, பாவா போயிட்டாரு" என்றார். அக்கா நகரிப் பக்கத்துக்காரர், கணவர் கஜபதியை பாவா என்றுதான் கூப்பிடுவார். "எங்கே போனாரு?" என்று கேட்டேன். அவ்வளவு மடையன் நான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் ரயிலுக்காகச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அழுகை வந்தது.

கஜபதியோடு அந்த ரயிலில் போய்வந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே உயிர் போய்விட்டதாக நம் பெட்டியில் பேசிக்கொள்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுவல்ல. குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. வாசலில் முருகன் மலைக்குப் போக ஆட்டோ நின்றிருந்தது. மலையடிவாரத்தில் வீடு இருந்தும் பல வருடங்களாக மலையேறாத மனுஷன் அவர்.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. அவருடைய பழைய முதலாளியின் சென்னை வீட்டை இடித்தபோது, மாமரத்தடியில் சருகு மூடிக் கிடந்தது அது. வெள்ளைக்காரன் ஊரில் செய்த, இரண்டு சீட்டு, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நீள மூக்கு, மேலே கூரை கிடையாது, என் வயதை விட அதற்கு வயது அதிகம். கம்பெனிப் பெயரைச் சொன்னால், கார் தெரிந்தவர்கள் அதன் கதியைக் கேட்டு நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். எடுத்துப்போகச் சொன்னார்கள், மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கே அதன் முன்னால் கற்பூரம் ஏற்றி, தெருவே கேட்கும்படி வேண்டிக்கொண்டார்: "முருகா, இனிமே உன் மலைக்கு இந்த வண்டிலதான் வருவோம். அதுவரைக்கும் நானும் ஏற மாட்டேன், மோகனாவும் ஏற மாட்டா." கிருத்திகை தவறாமல் மலைக்குப் போய்க்கொண்டிருந்த மோகனாக்கா கையில் தேங்காயோடு அப்படியே நின்றார். "என்னை இன்னாத்துக்கு பாவா சேத்துகினே?" என்றுதான் கேட்டார். ஆனால் சாமியிடம் சொன்னது சொன்னதுதான். அன்று முதல் இருவரும் மொட்டை மாடியில் நின்று கோபுர விளக்கைப் பார்த்துக் கும்பிட்டதோடு சரி.

மெக்கானிக்கிடம் விடச் சொல்லாதவர்கள் யார்? நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "மெக்கானிக்காண்ட உட்டா வண்டி அவனுது ஆயிடும்பா. கழட்டறது நாமதான், மாட்டறதும் நாமதான்" என்பார். கழட்டுவது அவருக்கு நன்றாக வந்தது. மாட்டுவதுதான் வரவில்லை. அந்த வண்டியின் நட்டெல்லாம் இஞ்ச் அளவு, நம் கடைகளில் கிடைக்கும் ஸ்பேனரெல்லாம் மில்லிமீட்டர் அளவு. பொருந்தாத ஸ்பேனரை வைத்துத் திருகித் திருகி, முக்கால்வாசி நட்டை உருண்டையாக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டார்ச் பிடிப்பேன், அவர் திருகுவார், இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்குவோம்.

ஆயுத பூஜை ஒன்றை மறக்கவே முடியாது. கார்புரேட்டர் இரண்டையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, வாழை இலையில் வரிசையாக வைத்திருந்தார். பூஜை என்றால் மோகனாக்கா குறை வைக்க மாட்டார். ஒவ்வொரு துண்டுக்கும் பக்தியோடு சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். ஊசிக்காது போல் இருந்த பித்தளைத் துளைகளையும் விடவில்லை. மறுநாள் பார்த்தால் சந்தனம் உள்ளே போய்க் கல்லாக இறுகியிருந்தது. தீபாவளி வரை நாங்கள் இரண்டு பேரும் கம்பியால் குடைந்துகொண்டிருந்தோம். கஜபதி அவரை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "வாசனையா ஓடும்" என்றார், அவ்வளவுதான்.

ஓடவும் செய்தது. ஒரே ஒரு நாள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருகிக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். இன்ஜின் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது. மோகனாக்கா பட்டுப்புடவை எடுக்க உள்ளே ஓடினார். "இரு, ஒரு டிரயல் பாத்துட்டு வந்து உன்னை இட்டுகினு போறேன்" என்று அவருக்குக் குரல் கொடுத்துவிட்டு, கஜபதி என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மலைப்பாதையின் முதல் வளைவைத் திரும்பும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தோடு அவரை வேறு எங்கும் பார்த்ததில்லை.

இரண்டாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு உள்ளே அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டியை ஓரம் கட்டி இன்ஜின் மூடியைத் திறந்து வைத்தார். "தொடாத. தானா ஆறணும்" என்றார். அந்த நேரத்தில் மொட்டை போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்த ஒரு வேன் எங்களைப் பார்த்து நின்றது. பள்ளிப்பட்டுக் குடும்பம், எல்லார் தலையிலும் சந்தனம். "சாமிக்குப் போற வண்டி நின்னுட்சே!" என்று பதறிக்கொண்டு இறங்கினார்கள். கஜபதி "வேணாம், வேணாம்!" என்று கத்தினார். அவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பெரியவர் "பரவால்ல நைனா, எங்ககிட்ட நெறைய கீது" என்று தண்ணீர்க் கேனை அப்படியே கொதிக்கும் இன்ஜின் மேல் கவிழ்த்தார். அரோகரா என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். உள்ளே டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

இன்ஜின் இரும்பில் விரிசல் விழுந்துவிட்டது. அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவர்கள் எங்கள் கையில் பஞ்சாமிர்தம் வைத்துவிட்டுப் போனார்கள். அதை வழித்துத் தின்றுவிட்டு, "நல்லவங்கப்பா" என்றார் கஜபதி. வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் நியூட்ரலிலேயே உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். பட்டுப்புடவையில் வாசலில் நின்றிருந்த மோகனாக்கா, "ஓடுச்சா பாவா?" என்று கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆங், ஓடுச்சி. சின்ன வேலை ஒண்ணு கீது. முடிச்சிட்டா ஓடும்" என்றார்.

அதற்கப்புறமும் ஞாயிறு தோறும் அவர் அந்த வண்டியோடுதான் கிடந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். ரயிலில் நாம் எல்லாரும் கிண்டல் செய்தோம். செத்த இன்ஜினுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. விரிசலில் ஏதேதோ பசை பூசிப் பார்த்தார், ஒன்றும் நிற்கவில்லை. உள்ளே தண்ணீர் கலந்து, எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. "இன்னா இது, காபி மாதிரி கீது?" என்று மோகனாக்கா ஒருநாள் கேட்டார். "புது எண்ணெய் அப்படித்தான் இருக்கும்" என்றார். நான் எண்ணெய்த் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு இன்ஜினுக்கு வழியில்லை. வண்டியை விற்க அவருக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பட்டுப்புடவை அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அவரால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இதற்குள் மோகனாக்காவுக்கு முட்டி போய்விட்டது. "உன் வண்டிய விட என் காலு மோசமா கீது பாவா. நான் நடக்கறப்பவே ஒரு தபா இட்டுகினு போயிடேன்" என்றாராம். சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கஜபதி அதை என்னிடம் சொன்னார். கையில் ஸ்பேனர் இல்லாமல் அவர் அந்த வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். "செவ்வாக்கெழம ஆட்டோல போறேன்பா. தோத்துட்டேன். மேல போய், சாமி எதிர்லயே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றார். ஆட்டோவும் வந்தது. மிச்சத்தைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

காரியம் முடிந்த அன்று மோகனாக்கா வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் மலையேறக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அவர் வண்டியை மூடியிருந்த தார்ப்பாயைத் தடவிக்கொண்டே, "ஒரு வருசம் கீது இல்ல தம்பி. அதுக்குள்ள நீ பாத்து முடிச்சிட மாட்டே? அவரு வேண்டிகினது, இதுலதான் போவணும்" என்றார்.

விரிசல், காபி நிறத்து எண்ணெய், பள்ளிப்பட்டு வேன் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. "ஆங், அக்கா. ஓடும்" என்றேன்.

மோகனாக்கா தார்ப்பாயிலிருந்து கையை எடுத்தார். "அவரும் இப்படித்தான் சொல்லுவாரு. தரையப் பாத்துகினு" என்றார். பிறகு காபி போட உள்ளே போனார்.

உருண்டுபோன நட்டுகளும் சேராத ஸ்பேனர்களும் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது 'ஓடும்' என்ற அந்த ஒரு சொல்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். மோகனாக்கா டார்ச் பிடித்தார், நான் எண்ணெய் மாற்றினேன். வண்டி ஓடாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.