கமலவேணி டீச்சர் தபால் ஆபீசில் படித்த கணக்கு

மேல்நிலை வகுப்புகள் தொடங்கிய 1978இல், காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் வந்து சேரவில்லை. தலைமையாசிரியை, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவந்த கமலவேணியைக் கூப்பிட்டு, "ஆள் வர்ற வரைக்கும் பிளஸ் ஒன்னையும் நீங்களே பாத்துக்கங்கம்மா" என்றார்.

கமலவேணி கல்லூரியில் படித்தது தாவரவியல். வகைநுண்கணிதப் பாடத்தைத் திறந்தால் முதல் பக்கமே அவருக்குப் புரியவில்லை. சக ஆசிரியர்களிடம் கேட்கப் பயம். விஷயம் தலைமையாசிரியையின் காதுக்குப் போனால் பத்தாம் வகுப்பையும் பிடுங்கிவிடுவார்கள் என்று நினைத்தார். நெசவாளியான கணவர் சபாபதியிடம்கூடச் சொல்லவில்லை.

அவருடைய பழைய மாணவி கலாவதி, பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டுத் தபால் ஆபீசில் ஸ்டாம்ப் விற்றுக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் கமலவேணி அங்கே போய், வகுப்புக்குக் கொடுத்த வீட்டுக்கணக்கை மணியார்டர் பாரத்தின் பின்புறம் எழுதி நீட்டுவார்; கலாவதி போட்டுக் காட்டுவாள். பின்னால் யாராவது வந்து நின்றால், "ரெண்டு இன்லண்ட் குடும்மா" என்று சத்தமாகச் சொல்வார். வீட்டு அலமாரியில் இன்லண்ட் லெட்டர் கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிட்டது.

மாசி மாதம் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் கல்வித்துறை இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கரும்பலகையில் முந்தின நாள் வீட்டுக்கணக்கு இருந்தது. ஒரு பக்கம் சுவர். மற்ற மூன்று பக்கத்துக்கும் நூறு மீட்டர் கம்பிவேலி. அதற்குள் அடங்கும் மிகப்பெரிய செவ்வகம் எது? கலாவதி சொல்லிக்கொடுத்தபடியே போட்டு, அகலம் இருபத்தைந்து, நீளம் ஐம்பது என்று முடித்தார் கமலவேணி.

"அகலம் இருபத்தஞ்சா இருந்தா பரப்பு பெருசா வருதுன்னு எப்படிம்மா சொல்றீங்க? ஒருவேளை அதுதான் சின்னதோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கலாவதி அதைச் சொல்லித்தரவில்லை. சாக்பீஸ் விரலுக்குள் உடைந்தது. முப்பது பெண்களும் அவரையே பார்த்தார்கள். வேலை போய்விட்டது என்றே தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல், கை தனக்குத் தெரிந்த பெருக்கலைப் போட்டது. இருபத்தைந்தை ஐம்பதால் பெருக்க, ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அகலம் இருபத்து நாலானால் நீளம் ஐம்பத்திரண்டு, பரப்பு ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு. அகலம் இருபத்தாறானாலும் அதே பரப்புத்தான்.

"இந்தப் பக்கம் போனாலும் குறையுது, அந்தப் பக்கம் போனாலும் குறையுது சார்" என்றார்.

"பசங்களுக்குப் புரியுது. ஆனா பரீட்சைல இதுக்கு மார்க் வராது. முறை இருக்குது, பாத்துச் சொல்லிக் குடுங்க" என்று எழுந்து போனார் அவர்.

அன்று சாயங்காலம் தபால் ஆபீசில், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கமலவேணி பார்க்கவே இல்லை. "ஏம்மா கலா, பெருசா சின்னதான்னு பாக்கற முறையை ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே டீச்சர்! இன்னொரு தடவை வகையிடணும். மைனஸ் வந்தா பெருசு."

புது ஆசிரியர் வர இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆனது. அதுவரை கமலவேணிதான் எடுத்தார். அந்த முப்பது பேரில் இருபத்தேழு பேர் பிளஸ் டூ பரீட்சையில் தேறினார்கள். ஆனாலும் ஓய்வு பெறும்வரை, வகுப்பு வாசலில் நிழல் விழுந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு யாரென்று பார்ப்பார்.