நெஞ்சு ஆபரேஷன் என்று என் மகள் சொன்னாள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது நாலாங்கிளாஸ் வரைதான். எழுத்து கோணல்மாணலாக வரும், முன்னது பின்னது மறந்தும் போகும். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் மறுபடி கடலுக்குப் போன ஆனி மாதத்தில் நடந்தது இது. நான் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்கிறவள். மற்றவர்கள் கூவிக் கூவி விற்பார்கள். எனக்கு அது வராது. கூடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பேன், வருகிறவர்கள் வருவார்கள்.

எனக்கு ஒரே மகள். வண்ணாரப்பேட்டையில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளாகவே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மருமகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று சொன்னார், ஏன் என்று நான் கேட்கவில்லை. குடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால் என் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவார். ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. நான் இருப்பது மூன்றாவது மாடி. ஏறி வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மூச்சு வாங்கும், சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். என் வீட்டுக்காரரும் இப்படித்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் நெஞ்சைப் பிடித்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

அதனால், மகள் ஒருநாள் தனியாக வந்து, "அவருக்கு நெஞ்சுல ஒரு ஆபரேஷன் பண்ணணும்மா, துட்டு சேத்துனுகீறோம்" என்றதும் அழ ஆரம்பித்துவிட்டேன். "நீ நெனைக்கற மாரி இல்லம்மா" என்று என்னவோ சொல்ல வந்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, ஒன்றும் பேசாதே என்று அவள் வாயைப் பொத்தினேன். அவளும் விட்டுவிட்டாள்.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பெரிய வியாதி வந்தால், ஆளுக்கு ஒரு மீன் பொதுக்கூடையில் போடுவோம். கூடை நிறைந்ததும் ஏலம் விட்டு, அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து வியாதிக்காரரிடம் கொடுப்போம். நானும் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். எனக்கென்று கேட்டதில்லை. முதல் கடை வைத்திருக்கும் அக்காதான் இதற்கெல்லாம் பெரியவர். அவர் எதிரில் போய் நின்றேன்.

"இன்னாடி, மீனு நாறிப் போனாலும் வாயத் தொறக்காதவ, இன்னிக்கு இங்க வந்து நிக்கறே?"

"மருமவனுக்கு ஹார்ட்டு ஆபரேஷன்க்கா."

நெஞ்சு என்றுதான் மகள் சொன்னாள். அதை ஹார்ட்டு ஆக்கியது நான்.

அன்றைக்கே கூடை வைத்தார்கள். என் பக்கத்தில் உட்காரும் நண்டுக்காரம்மாவுக்கு வாய் ரொம்ப நீளம், ஆனால் தினமும் அவர்தான் முதலில் வந்து பெரிய நண்டாகப் பார்த்துப் போட்டார். "வாலிபப் புள்ளைக்கு இப்டி வரலாமா" என்று எனக்கு டீயும் வாங்கித் தந்தார். மகளிடம் நான் மூச்சு விடவில்லை. மொத்தமாகக் கையில் கொடுத்து அவள் முகத்தைப் பார்க்க ஆசை.

ஓரளவு பணம் சேர்ந்ததும், "புள்ளைய இட்டுகினு வா, கையில குடுத்து அனுப்புவோம்" என்றார் அக்கா. மகளையும் மருமகனையும் மார்க்கெட்டுக்கு வரச் சொன்னேன். ஏதோ மீன் கொடுக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

நண்டுக்காரம்மா கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வைத்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நேரே மருமகனிடம் போனார்.

"சட்டப் பொத்தான அவுரு நைனா, நெஞ்சுல பூசறேன். அறுக்கற எடத்துல ஆத்தா காவலு இருப்பா."

மருமகன் இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். "வாணாம்மா, நெத்தில வையி."

"இன்னாத்துக்கு வெக்கம், உங்கம்மா மாரி நானு" என்று அவர் காலரைப் பிடித்து இழுத்தார். ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது. மருமகன் அவர் கையை மெல்ல விலக்கிவிட்டார்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"இன்னா இப்டிக் கேக்கறே? ஹார்ட்டு ஆபரேஷன் நல்லபடியா முடியத்தான். அதுக்குத்தான எல்லாருமா துட்டு சேத்து வச்சிகீறோம்."

மருமகன் என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அத்தே, செத்த இப்டி வா" என்று என்னை ஐஸ் பெட்டிகள் இருக்கும் பக்கம் கூட்டிப் போனார் மருமகன்.

"எனுக்கு ஹார்ட்டுல ஒண்ணும் இல்ல அத்தே. நான் பொறந்தது பொம்பளப் புள்ளையா. மனசு அப்டி இல்ல. மருந்து எடுத்து, தாடி, கொரலு எல்லாம் வந்துச்சு. மாரு மட்டும் போவல. துணிய வச்சி இறுக்கிக் கட்டிகினுதான் வண்டி ஓட்றேன். அத எடுக்கத்தான் ஆபரேஷனு."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். மகளைப் பார்த்தேன். "மாருன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சும்மா, அதான் நெஞ்சுன்னேன்" என்றாள். எனக்குக் காது அடைத்துப் போனது. பக்கத்தில் யாரோ ஐஸ் உடைக்கிறார்கள், கட்டை தூக்குவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. அதே தாடி, அதே முகம், ஆனால் நான் யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். புடவை நனைந்து குளிர் ஏறியதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

"இந்தத் துட்டு எனுக்கு வாணாம். நாளிக்கி நீ இங்கதான் குந்திகினு விக்கணும்" என்றார் மருமகன். அப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ திரும்பி அந்தப் பெண்கள் நடுவில் போய் நின்று, என்னிடம் சொன்னதை அவர்களிடமும் சொல்லிவிட்டார். "அத்தே பொய் சொல்லல. அதுக்குத் தெரியாது" என்றும் சொன்னார்.

முதலில் கேட்டதைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போயிருந்தால் யாருக்குத் தெரியும்?

நண்டுக்காரம்மாதான் ஆரம்பித்தார். "அட கருமமே. பொட்டச்சிக்கும் பொட்டச்சிக்கும் கண்ணாலமா? இதுக்கா எந்நண்டப் போட்டேன்?"

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். முதல் கடை அக்கா அவரையே பார்த்தபடி இருந்தார்.

"அப்ப ஹார்ட்டு நல்லா கீதா?"

"நல்லா கீதும்மா."

"அடப்பாவி, உன்ன நெனைச்சி எனுக்கு ஒரு வாரமா சோறு எறங்கல."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "துட்டு ஹார்ட்டுக்குன்னு சேந்துது. வந்து கேட்டவ நீ. இப்ப நீயே சொல்லு, குடுக்கவா வாணாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகள் தரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்போது பொத்தான் தெறித்த இடத்தில் மருமகனின் சட்டை விலகியிருந்தது. உள்ளே பட்டையாக ஒரு துணி. அதன் ஓரம் அறுத்து அறுத்து, நெஞ்சுத் தோல் புண்ணாகியிருந்தது. வேர்வை பட்டு அது எரியும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாடி ஏறி வந்து அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது.

"புள்ள மூச்சு வுடணும்க்கா" என்றேன். அவ்வளவுதான் வந்தது எனக்கு.

அக்கா தலையாட்டினார். "வாணான்றவ வந்து அவ அவ துட்ட எடுத்துக்க" என்று பையைப் பிரித்து வைத்தார். நண்டுக்காரம்மா முதலில் வந்து எடுத்துக்கொண்டார். இன்னும் சிலர் எடுத்தார்கள். அவர்கள் போட்ட மீன், அவர்கள் இஷ்டம். மீதியை அக்கா மருமகன் கையில் வைத்து அழுத்தினார். அவர் அப்போதுதான் அழுதார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போலப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தபோது, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனாலும் அவர் அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கிடைத்த பணம் பாதிக்கும் பற்றவில்லை. மகள் கம்பெனியில் முன்பணம் வாங்கி, இவர் ராத்திரி வண்டியும் ஓட்டி, தை மாதம்தான் ஆபரேஷன் நடந்தது. நண்டுக்காரம்மா இன்னும் என் பக்கத்தில்தான் உட்காருகிறார், எல்லாருக்கும் டீ சொல்லும்போது என்னை விட்டுவிடுகிறார். எனக்கு வருத்தம்தான்.

ஆனாலும் ஒன்று என்னை விட்டுப் போகவே இல்லை. ஊரே கைகொட்டிச் சிரிக்கும் என்று தெரிந்தும், வெயிலில் நான் உட்காரும் அந்த இரண்டடி இடத்தில் என் பேர் கெடக்கூடாது என்று ஒருவர் தன்னைத் தானே அவிழ்த்துக் காட்டினாரே, அப்படி எனக்காக இதுவரை யாரும் செய்ததில்லை.

மருமகன் மாதிரி இருப்பவர்களைத் திருநம்பி என்று எழுத வேண்டும் என்று மகள் சொன்னாள், அந்த எழுத்து சரியா தெரியவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமலே செய்வார்கள், முறை வரக் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள், அதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் தப்பைத் திருத்திப் போடுங்கள். மருமகன் என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.