இரவல் காது

கத்திரி வெயிலுக்கு முன்னால், நேரு வீதியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் பெரிய ஏசிக்கு சர்வீஸ் பார்க்க வருஷா வருஷம் ஒரே மெக்கானிக்தான் வருவார். வெளுத்த நீலச் சட்டை, ஒட்டிய கன்னம். மொட்டைமாடி யூனிட்டில் படிந்த கடல் உப்பைக் கழுவியதும், ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "வயித்துவலி வந்தா மிஷினும் முனகும் சார். அதைக் கேக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்பார். அந்தப் பேச்சுக்காகவே நானும் கூட ஏறுவேன்.

இந்த வருஷம் அவர் கண்ணை மூடவில்லை. உள்ளங்கையை யூனிட்டின் மேல் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"சார், உள்ள ஏதாச்சும் தட்டுதா?"

"நல்லாத் தட்டுதே. உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் முகம் செத்துப்போனது.

"ரெண்டு காதும் போயிடுச்சு சார். கம்பெனிக்குத் தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க. பொண்ணு இன்னும் படிச்சிட்டிருக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, கால்ல வேணா விழுறேன்."

குனிந்தவரைப் பிடித்து நிறுத்தினேன். மிஷினை அணைத்து, ஃபேன் போல்ட்டை முடுக்கி, மறுபடி ஓடவிட்டார். தட்டல் நின்றுவிட்டதா என்று கண்ணாலேயே கேட்டார். தலையசைத்தேன்.

அடுத்து சாரம் பகுதியில் ஒரு கடை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். அங்கே மாடிக்கு அவரோடு யார் ஏறியிருப்பார்கள் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.