அக்கா வீட்டுச் சுவரும் கடலின் சூடும்

கருவி பழுதாகிப் போயிருக்க வேண்டும் என்று மனதுக்குள் நேர்ந்துகொள்ளும் தொழில் எங்களுடையதாகத்தான் இருக்கும். கடலின் சூட்டை அளக்கும் மிதவைகள் அனுப்புகிற அளவுகளைக் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பது என் வேலை. மிதவை என்றால் ஆளுயரக் குழாய் ஒன்று. கடலுக்குள் ஆழமாக மூழ்கி, ஏறி வரும் வழியெல்லாம் நீரின் சூட்டை அளந்து, மேலே வந்ததும் வானத்துச் செய்மதி வழியாக அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். பழைய வருடங்களின் அளவுகளை வைத்து எங்கள் கணினியில் ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி எது வந்தாலும் கணினி சிவப்புப் புள்ளி குத்தும். பழுது என்று அர்த்தம். உண்மையிலேயே பழுதா என்று பார்த்து, இல்லையென்றால் புள்ளியை நீக்க வேண்டியவள் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவப்பு என்றால் அநேகமாகப் பழுதுதான். இப்போது புள்ளியை நீக்குவதே பிழைப்பாகிவிட்டது. நீக்கினால் கடல் உண்மையிலேயே அவ்வளவு சுடுகிறது என்று அர்த்தம். அப்படியான நாட்களில் வீட்டுக்கு வந்து யாரிடமாவது எரிந்து விழுவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, தீவின் தென்கிழக்கே இருந்த மிதவை ஒன்றின் அளவுகள் வரிசையாகச் சிவந்து கிடந்தன. கடலின் மேற்பரப்பு சுட்டால் நான் அவ்வளவாகப் பதறுவதில்லை. கலக்காமல் விட்ட வெந்நீர் வாளி மாதிரி, மேலே சுட்டாலும் அடியில் குளிர்ந்திருக்கும். புயல் வந்து கலக்கினால் அந்தக் குளிர் மேலே ஏறும், புயலுக்குத் தீனி குறையும். அன்று குளிர் இருக்க வேண்டிய ஆழத்தில் குளிரைக் காணவில்லை. கீழே போகப் போக அதே சூடு. அந்த நீருக்கு மேலேதான், புயலாக மாறக்கூடிய ஒரு தாழமுக்கம் உருவாகிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசை நண்பர் எட்டிப் பார்த்து, “சென்சர் போயிருக்கும் நங்கி” என்று, தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னார். அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அதற்குக் கிட்ட இருந்த இன்னொரு மிதவையின் அளவுகளை எடுத்துப் பார்த்தோம். அதுவும் அதையே சொன்னது. இரண்டு கருவி சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லாது. நான் புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். அவர் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

எனக்கு அந்த நேரம் கண்ணுக்குள் வந்தது அக்காவின் வீடு. கொழும்பின் மறுபக்கம் கிராண்ட்பாஸில், களனி ஆற்றுக்கு இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு. இந்தச் சூட்டைக் குடித்து எழும் புயல் மலைநாட்டில் கொட்டினால் அவ்வளவு தண்ணீரும் அந்த ஆற்றால்தான் இறங்க வேண்டும். அத்தான் தவறிய பிறகு அக்கா தனியாக இருக்கிறாள். முழங்காலில் ஒப்பரேஷன் செய்தவள், ஓடச் சொன்னால் ஓட முடியாது. அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அந்த ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த பிறகு, அது எதுவரை வந்தது என்று வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போடுவார்கள். அடுத்த மழைக்கு, இருப்பதில் உயரமான கோட்டைப் பார்த்து, அதற்கு மேலே வரும்படி கட்டில் கால்களுக்குக் கல் வைப்பார்கள். அக்காவின் சுவரில் உயரமான கோடு என் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. நான் போகும்போது கட்டில் கல்லின் மேல் ஏறி நின்றது. அதன் மேல் அரிசி வாளி, துணி மூட்டை, மிக்சி. அக்கா சோதனைக்குப் படித்து முடித்த பிள்ளை மாதிரி நிம்மதியாக இருந்தாள்.

“வெளிக்கிடு அக்கா, வெள்ளவத்தைக்கு என்ர வீட்டுக்குப் போவம்.”

“ஏன்? இந்தக் கோட்டைத் தாண்டி ஒருநாளும் தண்ணி வந்ததில்ல.”

“கடல் சூடாகிக் கிடக்குது. நல்ல ஆழம் வரைக்கும் சூடு. நான் இண்டைக்குப் பார்த்தனான்.”

“கடல் சூடாகினா நீயெல்லோ பயப்பிட வேணும்? கடற்கரையில இருக்கிறது நீ. நான் இருக்கிறது ஆத்தோரம்.”

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். “அந்தக் கோடு போன மழைக்குப் போட்டது. வரப்போற மழைக்கு உன்ர கோட்டைத் தெரியுமா?” என்று கத்தினேன்.

“மெல்லக் கதை. பக்கத்து வீட்டாக்கள் சாப்பிடுற நேரம்” என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் வருவதாகச் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் கணினியும் அக்காவும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

மழை ஞாயிறு வரை பொறுக்கவில்லை. “தண்ணி வாசலுக்கு வந்திட்டுது” என்று அக்கா போனில் சொன்னபோது குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு, “கோட்டைத் தொட்டிட்டுது, இனி நிக்கும்” என்றாள். அதற்கும் பிறகு ஒருமுறை எடுத்து, “நிக்கேல்ல” என்றாள், அவ்வளவுதான். அதன் பின் போன் வேலை செய்யவில்லை. அவளிடம் போகப் புறப்பட்டேன், மருதானைக்கு அங்கால் பாதை மூடியிருந்தது. திரும்பி வந்து ஜன்னலருகே நின்றேன். செபம் சொல்லத் தொடங்கினால் பாதியில் மறந்து போனது. அக்கா செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். நான் பார்த்த சூடுதான் இப்போது அவள் வீட்டுக்குள் நிற்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். “பயப்படாதீங்க, உங்கட அக்கா எங்கட மாடியில இரிக்கிறாங்க.” எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பம். கட்டில் கல்லை விட்டு மிதக்கத் தொடங்கியபோது, அவர்கள் ஒரு கதவைக் கழற்றிக் கொண்டுவந்து அதில் அக்காவை இழுத்துப் போயிருக்கிறார்கள். நான் நன்றி சொன்னேனா என்றுகூட எனக்கு நினைவில்லை, அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு பேரும் வீடு கழுவப் போனோம். பழைய கோடு ஒன்றுகூடச் சேற்றில் தெரியவில்லை. சேற்றின் அடையாளம் திருஇருதயப் படத்துக்கும் மேலே, என் தலைக்கும் மேலே இருந்தது. வெள்ளவத்தையிலேயே இரு என்று சொல்லிப் பார்த்தேன். “உன்ர ரெண்டு அறைக்குள்ள எத்தனை நாளைக்கு?” என்றாள். ஒழுங்கை முழுக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு பென்சிலை என்னிடம் நீட்டினாள். கதிரையில் ஏறி நின்று கோட்டைப் போட்டேன்.

“இதுக்கு மேல இனி வராதுதானே?”

அந்தக் கிழமைதான் எங்கள் அலுவலகத்தில் கணினியின் எல்லையை உயர்த்த வேண்டும் என்று பேசினார்கள். எதுவரை என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

“தெரியாதக்கா.”

அவள் கோட்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

“அப்ப எதிர்வீட்டில கேட்டு இன்னும் ரெண்டு கல்லு எடுத்துக்கொண்டு வா.”

நான் கதிரையிலிருந்து இறங்கி, போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.