அமீர் ஹம்சாவின் வலது காது

கார் மலையேறிக்கொண்டிருக்கிறது. அமீர் ஹம்சா டிக்கிக்குள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். மூடியைக் கயிற்றால் தூக்கிக் கட்டியாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெளியே தொங்குகின்றன. நீளமான திருப்புளி ஒன்றின் மரப்பிடியைப் பல்லால் கவ்வி, அதன் முனையை டிக்கியின் அடித்தகட்டில் சாய்வாக ஊன்றியிருக்கிறார். விறகுச் சுமையோடு இறங்கி வருகிறவர்கள் அந்தக் கால்களைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, "அட, நம்ம பாயிங்க" என்று சொல்லித் தங்கள் வழியே இறங்குகிறார்கள்.

"சத்தம் எந்தப் பக்கம் பாய்?" என்று முன்னாலிருந்து டிரைவர் செல்லமுத்து கத்துகிறான். வாயில் திருப்புளி இருக்கையில் எப்படிப் பதில் சொல்வது? இடது கால் ஒரு உதை உதைக்கிறது. இடது பக்கம் என்று அர்த்தம்.

காரவள்ளியில், மலைப்பாதை தொடங்குமிடத்துப் புளியமரத்தடியில் அவருடைய பட்டறை. லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது அது வெடித்ததில் இருபது வருஷத்துக்கு முன்பே இடது காது போய்விட்டது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "காது ஊர்ச்சத்தமெல்லாம் கேக்கும். பல்லு வண்டிச் சத்தத்த மட்டுந்தான் கேக்கும்" என்பார். திருப்புளி வழியாக ஏறிவரும் அதிர்வைப் பிடிக்கிற பல்தான் அதனால் அவருக்கு ஆயுதம். வெற்றிலை போடமாட்டார், மூன்று வேளையும் வேப்பங்குச்சி. மனைவி பாத்திமா பீவி முறுக்குச் சுட்டால் அதை டீயில் ஊறவைத்துத்தான் தின்பார். "பல்லுப்போன கெழவனுக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கு" என்று அந்த அம்மாள் அலுத்துக்கொள்வதும் உண்டு.

கேட்காத காதும் வீண்போகவில்லை. யோசனை சொல்ல வருகிறவர், அவசரப்படுத்துகிறவர், குறை சொல்கிறவர் எல்லோருக்கும் இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிடுவார். பாய் இடது காதைக் காட்டினால் பேச்சு முடிந்தது என்பது அடிவாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்த வேலையை முடித்தாலும் கையைத் துடைத்தபடி ஒரே வாக்கியம்தான்: "என் கை பட்ட எடம் பேசாது."

ஆனால் இந்தப் பங்குனியில் செல்லமுத்து ஓட்டும் வாடகைக் கார் பேசிற்று. பின்சக்கரத்துக்கு மேலே, 'டொக்' என்று. சமதரையில் ஓட்டினால் ஊமை. ஆள் ஏற்றி மலைமேல் பத்து வளைவு தாண்டினால் தட்ட ஆரம்பித்துவிடும். சேலத்தில் ஒரு பட்டறையில் இரண்டு நாள் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை, டிரைவருக்குத்தான் பிரமை என்று அனுப்பிவிட்டார்கள். மலைமேல் செம்மேட்டில் ஆட்கள் ஏறத் தயங்கினார்கள். அடியிலிருந்து யாரோ தட்டுகிற வண்டியில் யார் ஏறுவார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் சத்தம் நிற்காவிட்டால் வண்டியை விற்றுவிடப்போவதாக முதலாளி அருணாசலம் சொல்லியனுப்பினார். வண்டி போனால் செல்லமுத்துவுக்கு மறுபடி ஒற்றையடிப்பாதையில் மிளகு மூட்டைத் தலைச்சுமைதான்.

"வெள்ளிக்கெழம எதுக்கு? வியாழனே முடிஞ்சுரும்" என்றார் ஹம்சா.

புதனன்று இடது பக்க சாக் அப்சார்பரை மாற்றினார். புகைக்குழாயை இறுக்கிக் கட்டினார். பின்சக்கரத்தின் மேல் வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகளைப் பிரித்து எண்ணெய் விட்டு அடுக்கினார். வியாழனன்று ஆட்களுக்குப் பதிலாகப் பின்சீட்டில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, தானும் டிக்கியில் படுத்துப் புறப்பட்டார். செம்மேடு போய்ச் சேருமுன் இடது கால் ஏழு தடவை உதைத்திருந்தது.

அங்கே காரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் கண்ணாயியும் இருந்தாள். பெரக்கரை நாடு என்கிற மலைக்கிராமத்துக்காரி. தலைப்பிரசவத்துக்கு நாளை எண்ணிக்கொண்டிருக்கும் மகள் இருசாயியைக் கீழே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். வண்டி இல்லையென்றால் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கித்தான் இறங்கவேண்டும்.

"நாளைக்கே கூட்டிட்டு வாங்கக்கா. பாய் கண்டுபிடிச்சிருவாரு" என்றான் செல்லமுத்து.

"போ சாமி. பட்டை ஒடஞ்சு பள்ளத்துல போனா, எம் பேரப்புள்ளைக்குப் பதுலா நீ வந்து பொறப்பியா?"

கூட்டம் சிரித்தது. ஹம்சா வழக்கம்போல இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாயி விடவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு வந்து அவருடைய வலது பக்கம் நின்றாள்.

"ஏனுங்க பாய், கேக்காத காத ஏனுங்க காட்டறீங்க? நான் இந்தச் சக்கரத்து மேல குந்தி மூணு நடை போய்ட்டு வந்தவ. ஓடைத்தண்ணியில எறங்கி ஏறுனா நாலஞ்சு வளைவுக்கு இது தட்டறதில்லீங்க. காஞ்ச பொறவுதான் தட்டுது. தாகமெடுத்த மாடாட்டம்."

ஹம்சா கையிலிருந்த திருப்புளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நனைந்தால் இரும்பு வாயை மூடுமா? ரப்பர் மூடுமா? நனைந்தால் உப்பி இறுகுவது ஒன்றே ஒன்றுதான். ஐப்பசி மழையில் பாதை சரிந்து, சேலத்திலிருந்து சாமான் வராமல் கிடந்த வாரம் அவருக்கு நினைவு வந்தது. இதே காரின் இடது கமான் பட்டை முனையில் இருக்கும் துளைக்குள், அந்தக் கண்ணுக்குள், போட ரப்பர் புஷ் இல்லை. பலாமரத்து வைரத்தில் ஒன்று கடைந்து, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, அடித்து இறக்கினார். தை மாதம் அசல் புஷ் வந்து சேர்ந்தபோது, "நம்ம கட்டைக்கு முன்னால இது என்ன?" என்று அதைக் கருவிப்பெட்டிக்குள் போட்டார். இரண்டு நாளாக இடது பக்கத்தில் அவருடைய திருப்புளி தொடாத இடம் அது ஒன்றுதான். அங்கேதான் அவர் கை பட்டிருந்ததே.

காரின் அடியில் புகுந்தார். "ரெண்டு பேரும் பின்னால புடிச்சு ஆட்டுங்க" என்றார். செல்லமுத்து ஒரு பக்கமும் கண்ணாயி ஒரு பக்கமும் ஆட்டினார்கள். திருப்புளியின் முனையைக் கமான் பட்டையின் கண்ணில் வைத்துப் பிடியைக் கடித்தார். மேல்வரிசைப் பற்கள் அதிர்ந்து மண்டைக்குள் இறங்கிற்று, 'டொக்'. வலது கால் இடது கால் இரண்டும் சேர்ந்து உதைத்தன.

காரை ஜாக்கியில் தூக்கி நட்டைக் கழற்றித் தட்டியதும், வெயிலில் சுருங்கிப்போன கட்டை பல்லி முட்டைபோல உருண்டு வெளியே விழுந்தது. கூடக் கொண்டுவந்திருந்த பெட்டியின் அடியிலிருந்த ரப்பர் புஷ்ஷை எடுத்து மாட்டி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகே நட்டை இறுக்கினார். மூட்டைகளை இறக்கச் சொல்வதற்குள் கண்ணாயி அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். பதினாலு வளைவு இறங்கி, பதினாலு வளைவு ஏறினார்கள். கியர் மாற்றுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

"விடியால வண்டி எங்கூட்டுக்கு முன்னால நிக்கோணும்" என்று செல்லமுத்துவிடம் சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

ஓடைக்கரையில் ஹம்சா குந்தித் திருப்புளியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பலாக்கட்டையை உள்ளங்கையில் உருட்டியபடி செல்லமுத்து வந்து அவருடைய இடது பக்கம் நின்றான்.

"ஏம் பாய், தன் கை பட்ட எடம் பேசாதுன்னு அடிவாரத்துல ஒருத்தரு சொல்லிக்கிட்டுத் திரியறாரே, அவர உங்களுக்குத் தெரியுமுங்களா?"

ஹம்சா திருப்புளியை உதறி இடுப்பில் செருகினார். குந்தியிருந்தபடியே முழு உடம்பையும் மெல்லத் திருப்பி, வலது காதை அவன் பக்கம் நீட்டினார்.